கணினிக்குள் இறக்கி வைத்த ராத்தா

ஸஹாப்தீனுக்கு வலது காது முக்கால்வாசி கேட்காது. இடது காது, ஆள் முகத்தைப் பார்த்துக் கதைத்தால் மட்டும் கேட்கும். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகொன்றின் இயந்திர அறையில் முப்பத்தொரு வருடம் நின்ற மனிதர். காது போனதை அவர் ஒரு குறையாகவே எடுப்பதில்லை. வேலை தந்த சான்றிதழ் என்றுதான் சொல்லிக்கொள்வார். மேலேயிருந்து கப்டன் என்ன கத்தினாலும் கீழேயிருந்து "ஓம் சேர்" என்று சொல்லிவிட வேண்டும். விசயம் என்னவென்று பிறகு ஊகித்துக்கொள்ளலாம். இது அங்கே அவருக்குப் படிந்த பழக்கம். ஓய்வு பெற்றுக் கிண்ணியாவில் வீட்டோடு இருந்தபோது கப்டனின் இடத்துக்கு மனைவி ஷாமிலா வந்தார். "ஓம்" மட்டும் மாறவில்லை.

இந்த "ஓம்" ஒரு தடவை வீட்டுக்குப் பத்துக் கிலோ பூசணிக்காயைக் கொண்டுவந்து சேர்த்த பிறகு, மகள் றிஷானா ஒரு வேலை செய்து கொடுத்தாள். வாப்பாவின் போனில் வருகிற, போகிற அழைப்பெல்லாம் தானாகவே பதிவாகும்படி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து ஸஹாப்தீன் ஒவ்வொரு கதையையும் இரண்டு தரம் கேட்கிற மனிதரானார். அழைப்பு முடிந்ததும் கதிரையில் சாய்ந்து, போனை இடது காதோடு ஒட்டிப் பிடித்து, பதிவை முதலிலிருந்து போடுவார். பிறகு திருப்பி அழைப்பார்.

"ராத்தா, நீங்க அஸருக்குப் பிறகு சொன்னதுக்கு நான் இப்பதான் சிரிக்கிறன்."

"நல்லம். நாளைக்குச் சொல்லப்போறதுக்கும் சேத்துச் சிரி" என்பார் மறுபக்கத்தில் றம்லா.

றம்லா அவருடைய மூத்த சகோதரி. மூதூரில் இருந்தார். மூதூரில் யார் யாருக்கு என்ன முறை, எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு எந்த வருடம் எந்தக் கலியாண வீட்டில் கோபித்துக்கொண்டு எழுந்து போனது, இதெல்லாம் அவருடைய வாயில் இருந்தது. பதிவுகாரர் கந்தோரில் இல்லாததும் இருந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுது முடிந்த கையோடு தம்பிக்கு அழைப்பார். ஊரில் ஒரு பத்துப் பேரையாவது உரித்துத் தொங்கப் போடாமல் போனை வைக்க மாட்டார். ஸஹாப்தீனுக்கு அந்த நேரம் தேத்தண்ணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ராத்தா வேண்டும்.

அந்த ராத்தா ஒரு வெள்ளிக்கிழமை விடிய சுபஹுத் தொழுகைக்கு எழும்பவில்லை. மௌத்தாகி எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் அஸருக்குப் பிறகு ஸஹாப்தீன் கதிரையில் சாய்ந்து, ஏதோ ஒரு பழைய பதிவைப் போட்டு, "ஓம் ராத்தா" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு போன் வீங்கத் தொடங்கியது. உள்ளே இருந்த பற்றரி உப்பி, பின்மூடி ஒரு பக்கம் எழும்பிவிட்டது. போதாக்குறைக்குத் திரையில் இடம் முடிந்துவிட்டதென்ற அறிவித்தல் வேறு. மகளிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"வாப்பா, இது எந்த நேரமும் போயிடும். இதில உள்ளதக் கொம்பியூட்டருக்குள்ள போட்டு வெக்க வேணும். ஒரு சாமான் ரெண்டு இடத்தில இருந்தாத்தான் பத்திரம்."

முன்னறையில் ஒரு மேசைக் கணினி இருந்தது. றிஷானா படிக்கிற காலத்தில் வாங்கியது. ஸஹாப்தீன் கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒரு வயரை எடுத்து வந்தார். குத்திப் பார்த்தார்கள். போனில் சார்ஜ் ஏறியது, வேறொன்றும் நடக்கவில்லை.

"இது சார்ஜ் ஏத்திற வயர் மட்டும். இதால சாமான் போகாது."

"வயர் எண்டா வயர்தானே மகள்?"

"உங்கட டக்குல தண்ணிக் குழாயும் எண்ணெய்க் குழாயும் ஒண்டா?"

டக் என்பது அந்த இழுவைப் படகு. அந்த ஒரு சொல்லில் ஸஹாப்தீன் முழுக்க விளங்கிக்கொண்டார். சந்திக் கடைக்குப் போய்ச் சரியான வயரை வாங்கி வந்தார். போனின் திரை, சார்ஜ் மட்டுமா, கோப்புகளையும் அனுப்பவா என்று கேட்டது. றிஷானா இரண்டாவதை அமத்தினாள். கணினியில் போனின் பெயர் வந்தது. அதைத் திறந்து, பதிவுகள் இருந்த போல்டரைப் பிடித்து, அப்படியே கணினிக்குள் ஒட்டிவிட்டாள். ஒரு பச்சைக் கோடு மெல்ல ஊரத் தொடங்கியது.

"எல்லாத்தையுமா போடுற? ராத்தாட மட்டும் போதுமே."

"ஆயிரத்து எண்ணூறு கிடக்கு வாப்பா. எல்லாம் நம்பரும் திகதியும்தான். ஆர் எது எண்டு பிரிக்க எனக்கு ஏலாது. முழுக்கப் போகட்டும்."

"போட்டு முடிய இங்கால போன் வெறுமையாகிடுமா?"

"இல்ல வாப்பா. இது கொப்பி. அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும்."

ஒரு தாங்கியிலிருந்து இன்னொரு தாங்கிக்கு எண்ணெய் இறைத்தால் முதல் தாங்கி குறையத்தான் வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் அவர் வேறு மாதிரிக் கண்டதில்லை. அதனால் கதிரையை இழுத்துப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். இன்னும் நாலு மணித்தியாலம் என்றது திரை. பிறகு பன்னிரண்டு நிமிடம் என்றது. பிறகு ஒரு நாள் என்றது. "இந்த மெசினுக்கு மீற்றர் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு, கோடு மறுகரைக்குப் போய்ச் சேரும்வரை எழும்பாமல் இருந்தார். முடிந்ததும் போனில் ஒரு பதிவைப் போட்டுப் பார்த்தார், ராத்தா இருந்தார். கணினியில் போட்டுப் பார்த்தார், அங்கேயும் இருந்தார். ஷாமிலாவைக் கூப்பிட்டு இந்த அதிசயத்தைக் காட்டினார்.

பத்தாம் நாள் போன் செத்தது. ஸஹாப்தீன் பதறவில்லை. புதுப் போன் ஒன்று வாங்கினார். அதில் பதிவு செய்தால், பதிவு செய்கிறோம் என்று மறுபக்கத்துக்கும் ஒரு பெண்பிள்ளையின் குரல் சொல்லிக் காட்டிக்கொடுத்தது. வேண்டாமென்று விட்டுவிட்டார். பதிய வேண்டிய குரல்தான் ஏற்கெனவே பத்திரமாக வீட்டுக் கணினிக்குள் இருக்கிறதே.

வீட்டுக் கணினி என்று நினைத்த மனிதர், வீடு யாருடையது என்பதை மறந்துவிட்டார்.

கிழக்குக் கரைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அந்த வீடே ஷாமிலாவின் சீதன வீடு. முப்பத்து மூன்று வருடத்துக்கு முன் ஸஹாப்தீன் அதற்குள் மாப்பிள்ளையாக வந்து ஏறியவர். அப்போது ஷாமிலாவின் வாப்பாவும் உம்மாவும் பின்வளவில் இரண்டு அறை போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். இப்போது றிஷானாவுக்குக் கலியாணம் முடிந்தது. ஸஹாப்தீனும் ஷாமிலாவும் அதே இரண்டு அறைக்கு ஒதுங்கினார்கள். வீடு, அலுமாரி, குசினிச் சாமான், முன்னறை மேசை, மேசையில் இருந்த கணினி, எல்லாம் பொம்பிளை மாப்பிள்ளைக்கு.

மாப்பிள்ளை அர்ஷாக் மூதூர்ப் பிள்ளை. அமைதியான பொடியன், ஒரு கந்தோரில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. கலியாணத்துக்கு வரும்போது தன் பங்குக்கு ஒரு சாமான் கொண்டுவந்தான்: இடுப்பு உயரத்துக்கு இரண்டு கறுப்பு ஸ்பீக்கர். மூன்றாம் நாள் காலை அவன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஸ்பீக்கர் வயர்களைப் பூட்டிக்கொண்டிருந்தான். ஸஹாப்தீன் பின்வளவிலிருந்து தற்செயலாக அதைக் கண்டார். கையிலிருந்த பேணி சரிந்து தேத்தண்ணி காலில் கொட்டியது.

ஏனென்றால் அந்தக் கணினிக்குள் றம்லா ராத்தா இருந்தார். றம்லா ராத்தாவின் வாயில் அர்ஷாக்கின் குடும்பம் இருந்தது.

கலியாணப் பேச்சு தொடங்கியபோது ராத்தா உயிரோடு இருந்தார். அந்த இடம் வேண்டாமென்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரு மாதம் முழுக்க அஸருக்குப் பிறகு வேறு கதையில்லை. அர்ஷாக்கின் உம்மா ஸுல்பிகாவின் வாப்பா, மௌத்தாகிப்போன மீராசாய்பு, மூதூரில் "புதைச்ச மீராசாய்பு" என்று பேரெடுத்தவர். அறுபது வருடத்துக்கு முந்திய ஒரு கலியாண வீட்டில், ஐந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற சகன் தாலத்தில், இறைச்சித் துண்டைச் சோற்றுக்குள் தனக்கென்று புதைத்து வைத்தாராம். இதை ராத்தா விதம் விதமாகச் சொல்வார். ஸஹாப்தீனும் சும்மா கேட்டுக்கொண்டிருந்த ஆளில்லை. தன் பங்குக்கும் எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு பதிவு அவருக்கு மிகவும் பிடித்தது. எத்தனையோ தரம் போட்டுச் சிரித்திருக்கிறார். அதன் கடைசி நாலைந்து நிமிடம் வெறும் இரைச்சல்தான். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிடுவார்.

மருமகன் கேட்டுவிட்டால்? கலியாணம் முடிந்து மூன்று நாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் தன் உம்மாவின் வாப்பாவை இப்படி வைத்துச் சிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், எந்தப் பிள்ளை தங்குவான்? றிஷானாவின் வாழ்க்கை அந்த மேசையில் கிடந்தது.

மகளை மெல்லப் பின்வளவுக்குக் கூப்பிட்டார்.

"மகள், அந்தக் கொம்பியூட்டருக்குள்ள போட்டதெல்லாம்... இனி வேணுமா?"

"வேணாமெண்டா அழிக்கலாம் வாப்பா. ஒரு தட்டு. ஆயிரத்து எண்ணூறும் போயிடும்."

"ஒரு தட்டிலயா?"

"ஓம். அவர்ட்டச் சொல்லவா?"

"வேணாம் வேணாம்! அவருக்கு ஏன் கரைச்சல்?"

ஒரு தட்டில் ராத்தா போய்விடுவார். இரண்டாம் இடம் என்று சொன்ன இடமே இப்போது ஒரே இடமாகிவிட்டது. எல்லாவற்றையும் அழிக்க மனம் வரவில்லை; வைத்திருக்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்: ஒவ்வொன்றாகக் கேட்டு, மூதூர்க் கதை உள்ளதை மட்டும் அழித்து, நல்ல ராத்தாவை மிச்சம் வைப்பது. நல்ல ராத்தா எவ்வளவு மிஞ்சுவார் என்பதில் அவருக்கே பெரிய நம்பிக்கை இல்லை.

சந்தர்ப்பம் எட்டாம் நாள் வாய்த்தது. மாப்பிள்ளை வீட்டார் பகல் விருந்துக்கு வருகிற நாள். அர்ஷாக் அவர்களைக் கூட்டிவர வான் வண்டியோடு மூதூருக்குப் போயிருந்தான். பெண்கள் குசினியில். ஸஹாப்தீன் முன்னறைக்குள் நுழைந்து, கதவை ஒருக்களித்துச் சாத்தி, கணினியைப் போட்டார். ராத்தாவின் நம்பர் முடிவில் நாற்பத்தேழு. அந்த நம்பரில் நானூற்றுப் பன்னிரண்டு பதிவு இருந்தது. முதலாவதைத் தட்டினார், சரியாகக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் ஒரு குமிழ் இருந்தது. இயந்திர அறையில் வால்வைத் திருப்புகிற மாதிரி, நிற்கும்வரை திருப்பினார். இப்போது இடது காதுக்கு ஓரளவு கேட்டது.

முதல் நாலும் காய்ச்சல், முழங்கால் வலி, மீன் விலை. நல்ல ராத்தாதான், வைத்தார். ஐந்தாவதில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை, ஆனால் எல்லாம் கிண்ணியா ஆட்கள், வைத்தார். ஆறாவதைத் தட்டினார். அவருக்குப் பிடித்த அந்தப் பதிவு.

"ஆர்ட குடும்பம் எண்டு தெரியுமா உனக்கு? புதைச்ச மீராசாய்புட பேரன்! சேகு மரைக்கார்ட மகள்ட கலியாணத்தில மத்த நாலு பேரும் வெறுஞ்சோத்தப் பிசையிறாங்க, இந்த மனிசன் மட்டும் கிணறு வெட்டுறாப்போல தோண்டிக்கொண்டு போறார்!"

பிறகு ஸஹாப்தீனின் சொந்தக் குரல்: "அப்ப நாளைக்கு என்ட மகளையும் சோத்துக்க புதைச்சிடுவாங்களோ ராத்தா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். கதிரையில் இருந்த ஸஹாப்தீனும் மூன்றாவது ஆளாகச் சேர்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். வானுடைய சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. செருப்புகள் வாசலில் கழன்ற சத்தமும் கேட்கவில்லை. குசினியில் கரண்டி நின்றதும், வீடு முழுக்க அடங்கிப்போனதும் அவருக்குத் தெரியவில்லை. ஷாமிலா வந்து தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் திரும்பினார்.

கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. முன்னுக்கு ஸுல்பிகா. அவருக்குப் பின்னால் கணவர் றுவைஸ். அவர்களுக்குப் பின்னால் அர்ஷாக்கும் இன்னும் எட்டுப் பத்துப் பேரும்.

ஸஹாப்தீனின் கை மேசையில் கணினியின் எலியைத் தேடியது. நிறுத்துகிற இடம் எங்கே என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பதிவு ஓடியது. அவர் இரைச்சல் என்று நினைத்து எப்போதும் நிறுத்திவிடுகிற இடம் வந்தது. சின்னப் போனில் இரைச்சலாக இருந்தது, மருமகனின் ஸ்பீக்கரில் இரைச்சலாக இருக்கவில்லை. ராத்தா குரலைத் தாழ்த்தி, இரகசியமாக, ஆனால் அறை முழுக்கக் கதைத்தார்.

"ஸஹாப்தீன், இதக் கேளு. நான் ஒருத்தருக்கும் சொல்லாதது. புதைச்சது மீராசாய்பு காக்கா இல்ல. எங்கட வாப்பா."

"ஓம் ராத்தா" என்றது ஸஹாப்தீனின் குரல்.

"எனக்கு ஏழு வயசு. நீ பிறக்கல்ல. காய்ச்சலில கலியாணத்துக்குப் போக ஏலாமக் கிடந்தநான். வாப்பா வாழையிலையில சுத்தி மடியில ரெண்டு துண்டு கொண்டுவந்து தந்தவர். மூண்டாம் துண்டு வழுகி மத்தப் பக்கம் போயிட்டாம், அது மீராசாய்புட கையில ஆப்பிட்டதாம், ஆக்கள் அதத்தான் கண்டாங்களாம். உம்மாக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். நான் திண்டுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தநான்."

"ஓம் ஓம்."

"அந்த மனிசன் கபுறுக்குப் போகுமட்டும் அந்தப் பேரோடயே போனார். நானும் ஊரோட சேந்து அப்பிடித்தான் கூப்பிட்டநான். இனி எந்த முகத்தோட அவங்கட வீட்டுக்குப் புள்ளயக் குடுக்கிற? குடுக்கிறதெண்டா முதல்ல போய் உண்மையச் சொல்லு. சொல்லிப்போட்டுக் குடு. சொல்லுவியா?"

"ஓம் ராத்தா."

"சத்தியமா?"

"ஓம்."

பதிவு முடிந்தது.

ஸஹாப்தீன் எழும்பி நின்றார். "அல்லாஹ் அறிய எனக்கு இது கேக்கல்ல. எனக்குக் காது..."

"எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லியிருக்கிறீங்களே மச்சான்" என்றார் றுவைஸ்.

"கேக்காட்டித்தான் ஓம் எண்டுறவர்" என்றார் ஷாமிலா. முப்பத்து மூன்று வருடத்தில் அவர் கணவனுக்காகக் கொடுத்த முதலாவது சாட்சி அது.

ஸுல்பிகா உள்ளே வந்தார். கதிரையைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்தார்.

"வாப்பா அதுக்குப் பிறகு ஒரு சகனிலயும் குந்தினதில்ல. என்ட கலியாணத்தில கூட ஒரு மூலையில தனிக் கோப்பையில சாப்பிட்டவர். நானும் நினைச்சிருந்தநான், புதைச்சவர்தானே எண்டு."

ஸஹாப்தீன் தலையைக் குனிந்தபடி, "மன்னிச்சுக்கொள்ளுங்க மச்சி" என்றார். அது பதிவில் இல்லாத, அவராகவே சொன்ன சொல்.

"மன்னிப்பு இருக்கட்டும். அர்ஷாக், இத என்ட போனுக்கு அனுப்பு."

"முழுக்கவா உம்மா?" அர்ஷாக் மாமனாரை ஒரு கண்ணால் பார்த்தான். "முன்பாதிய வெட்டிப்போட்டு..."

"முழுக்க அனுப்பு. முன்னுக்கு ஏசினதும் இருக்கட்டும். ஏசின வாய்தான் பின்னுக்கு உண்மையும் சொல்லுது எண்டு ஆக்களுக்கு விளங்க வேணும்."

அர்ஷாக் குனிந்து எலியைப் பிடித்தான். "மாமா, கோவிக்காதீங்க. இந்தப் போல்டர நான் ரெண்டாம் நாளே கண்டநான். உங்கட சாமான் எண்டு திறக்கல்ல. கொம்பியூட்டர் பழசு, அதால இன்னொரு கொப்பி எடுத்து என்ட கந்தோரிலயும் வெச்சிருக்கன்."

ஸஹாப்தீனுக்கு இது நன்றாகக் கேட்டது. அழிக்கவென்று ஒரு முற்பகல் முழுக்கப் பாடுபட்டது ஒரு கொப்பியை; மற்றது கந்தோரில் குளிரூட்டிய அறையில் சுகமாக இருந்திருக்கிறது.

சாப்பாடு வைத்தார்கள். ஆண்களுக்குப் பாயில் சகன். ஸஹாப்தீனையும் றுவைஸையும் ஒரே சகனில் இருத்தினார்கள். வேறெங்கும் இருத்த முடியாது, சம்பந்திமார். சோறு மலையாக இருந்தது, மேலே இறைச்சி. மற்ற நாலு பேரின் கண்ணும் ஸஹாப்தீனின் விரல்களிலேயே இருந்தது. அவர் ஓரத்துச் சோற்றை மட்டும் கிள்ளிக் கிள்ளித் தின்றார். றுவைஸ் மிகப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டி, அவருடைய பக்கத்தில் வைத்தார்.

"வெளியிலயே வெச்சுத் திண்ணுங்க மச்சான். மூடத் தேவையில்ல."

அறை இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். ஸஹாப்தீனும் சிரித்தார். வேறென்ன செய்வது?

ஸுல்பிகா வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே பதிவு மூதூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் வெருகல் பக்கத்து உறவுக்காரர் கேட்டார்கள். அதற்கடுத்த நாள் புல்மோட்டை. கத்தாரில் இருக்கிற பெடியன்கள் அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் தங்கள் உம்மாமாருக்குத் திருப்பி அனுப்பினார்கள். மீராசாய்பின் பெயருக்கு முன்னால் அறுபது வருடம் ஒட்டியிருந்த சொல் ஒரு கிழமையில் கழன்றது. கழன்ற சொல் சும்மா கிடக்குமா? அடுத்த வெள்ளி ஜும்மாவுக்குப் பிறகு பள்ளி வாசலில், கிண்ணியாவின் பழைய கப்டன்மார் இரண்டு பேர் ஸஹாப்தீனைக் கண்டதும் சோற்றைத் தோண்டுகிற மாதிரி விரலை மடக்கிக் காட்டினார்கள்.

அன்று அஸருக்குப் பிறகு அவர் பின்வளவில் கதிரை போட்டு உட்கார்ந்தார். அர்ஷாக் நானூற்றுப் பன்னிரண்டையும் தனியாகப் பிரித்து, புதுப் போனில் போட்டு, காதுக்கு ஒரு நல்ல கருவியும் வாங்கித் தந்திருந்தான். ராத்தா முழங்கால் வலியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் ஒரு புது நம்பர் குறுக்கே வந்தது. தோப்பூரிலிருந்து யாரோ ஒரு மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார்:

"ஸலாம் காக்கா. புதைச்ச உதுமாலெவ்வைட மகன் ஸஹாப்தீன் நீங்கதானா?"

இந்த முறை ஒரு சொல் தப்பாமல் முழுக்கக் கேட்டது.

"ஓம்" என்றார் ஸஹாப்தீன்.